இரண்டு மருந்துச்சீட்டு, ஒரு குழந்தை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பதற்றக் கோளாறு, மனச்சோர்வு, ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவும் மிகைத் துறுதுறுப்பும்), ஆட்டிசம் என ஏதோ ஒன்றுக்குச் சிகிச்சையில் இருக்கும் குழந்தைக்கு மைக்ரேன் தலைவலியும் சேர்ந்துவிட்டால், பெற்றோர் கையில் பெரும்பாலும் இரண்டு மருந்துச்சீட்டுகள் இருக்கும். ஒன்று மனநல மருத்துவர் எழுதியது. இன்னொன்று தலைவலிக்காக நரம்பியல் மருத்துவரோ குழந்தைகள் மருத்துவரோ எழுதியது. தனித்தனியே பார்த்தால் இரண்டிலும் குறை சொல்ல ஒன்றும் இருக்காது. இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்கத்தான் ஆள் இல்லை. அந்த இடைவெளியில் என்னென்ன தவறுகிறது, பெற்றோர் அதை எப்படிக் கண்டுகொள்ளலாம் என்பதற்காகவே இந்தக் கடிதம்.

"மனசுல இருக்கிறதுதான் தலைவலியா வருது" என்ற பேச்சை முதலில் ஒதுக்கிவைப்போம். மைக்ரேன் மூளையையும் நரம்புகளையும் சார்ந்த நோய். பரம்பரையாக வரும் வாய்ப்பும் அதிகம். மைக்ரேன் உள்ள பிள்ளைகளிடம் பதற்றமும் மனச்சோர்வும் கூடுதலாகக் காணப்படுவது உண்மை. ஒன்று மற்றதைக் கிளப்பிவிடுவதும் உண்மை. அதனால் வலி பொய்யாகிவிடாது. ஆனால் மனநல மருந்து சாப்பிடும் பிள்ளை என்று தெரிந்ததுமே, சரியாகப் பரிசோதிக்காமல் "டென்ஷன்தான், போகப் போகச் சரியாகும்" என்று அனுப்பிவிடுவது நடக்கிறது. ரத்த அழுத்தம் அளப்பது, கருவியால் கண்ணின் பின்புறம் பார்ப்பது, நடக்கவைத்தும் ஒற்றைக் காலில் நிற்கவைத்தும் சோதிப்பது ஆகியவை முதல் சந்திப்பிலேயே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை என்றால் பெற்றோர் கேட்டே செய்யச் சொல்லலாம். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

குழந்தைகளின் மைக்ரேன் பெரியவர்களுடையதைப் போல இருக்காது. பெரியவர்களுக்குப் பெரும்பாலும் ஒரு பக்கம் தெறிக்கும். பிள்ளைகளுக்கு நெற்றி முழுக்க, இரண்டு பக்கமும் வலிக்கலாம். பெரியவர்களுக்கு மருந்தில்லாவிட்டால் 4 மணி நேரத்துக்குக் குறையாது. பிள்ளைகளுக்கு 2 மணி நேரத்திலேயே அடங்கிவிடவும் கூடும். வாந்தி எடுத்துத் தூங்கி எழுந்ததும் ஒன்றுமே நடக்காதது போல விளையாடப் போவார்கள். அதைப் பார்த்துத்தான் பலர் "நடிக்கிறான்" என்ற முடிவுக்கு வருகிறார்கள். தூக்கத்தில் வலி தெளிவது மைக்ரேனுக்கே உரிய குணம். வெளிச்சமும் சத்தமும் தாங்கவில்லை என்று சின்னப் பிள்ளை வாயால் சொல்லாது. முகம் வெளிறுவதும், தானாகவே டி.வி.யை அணைப்பதும், போர்வைக்குள் தலையை இழுத்துக்கொள்வதும், மாடிப்படி ஏற மறுப்பதும்தான் அதன் பேச்சு. ஆட்டிசம் உள்ள குழந்தையிடம் இது இன்னும் மறைவாக இருக்கும். தலையில் அடித்துக்கொள்வது, காதைப் பொத்துவது, சாப்பாட்டைத் தள்ளுவது, திடீர் ஆவேசம் ஆகியவை சில மணி நேரமே நீடித்து, தூங்கியதும் மறைந்து, சில நாள் கழித்து அதேபோலத் திரும்பி வந்தால், அதை நடத்தைப் பிரச்சினை என்று முடிவுகட்டுமுன் வலியைச் சந்தேகிக்க வேண்டும்.

வலி தொடங்குவதற்குச் சில மணி நேரம் முன்பும், சிலருக்கு முந்தைய நாளிலிருந்தும் முன்னறிகுறிகள் உண்டு. கொட்டாவி, கழுத்து இறுக்கம், சோர்வு, எரிச்சல், குறிப்பிட்ட தின்பண்டத்தின் மேல் அடங்காத ஆசை என்று வரும். மனநலச் சிகிச்சையில் இருக்கும் பிள்ளையிடம் இந்த எரிச்சல் "மறுபடி மூட் மாறுது" என்று எழுதப்படும். அதை நம்பி மனநல மருந்தின் அளவும் கூட்டப்படும். இதைத் தவிர்க்க ஒரே வழி குறிப்பேடு. மனநிலைக்கு ஒரு கட்டம், தலைவலிக்குத் தனிக் கட்டம் என்று பிரித்து எழுத வேண்டும். வலி தொடங்கிய நேரம், முடிந்த நேரம், வலியின் கடுமை பத்துக்கு எத்தனை, எந்த மருந்து எத்தனை மில்லிகிராம், வலி தொடங்கி எத்தனை நிமிடம் கழித்துக் கொடுத்தது, 2 மணி நேரத்துக்குப் பின் நிலை, முந்தைய இரவு தூங்கிய நேரம், தவறிய வேளை உணவு, மாதவிடாய் நாள் ஆகியவை போதும். நான்கு வாரம் எழுதினால் ஒரு வடிவம் தெரிய ஆரம்பிக்கும். ஆனால் "தலை வலிக்குதா, வலிக்குதா" என்று மணிக்கொருமுறை கேட்கக் கூடாது. பதற்றம் உள்ள பிள்ளையின் கவனத்தை நாமே உடம்பின் மேல் திருப்பிவிடுவதாகும் அது. இரவு ஒருமுறை, பிள்ளையோடு உட்கார்ந்து இரண்டு நிமிடத்தில் எழுதி மூடிவிட வேண்டும்.

திங்கட்கிழமைத் தலைவலியைப் பற்றி ஒரு வார்த்தை. பள்ளிக்குப் போகப் பயந்து வருவது என்று எல்லோரும் சொல்வார்கள். அப்படியும் இருக்கலாம், வகுப்பில் யாராவது துன்புறுத்துகிறார்களா என்று தனியாகக் கேட்கவும் வேண்டும். ஆனால் சனி, ஞாயிறு இரவு நேரம் கழித்துத் தூங்கி, காலையில் தாமதமாக எழுந்து, திங்களன்று இரண்டு மணி நேரம் முன்னதாக எழுப்பப்பட்டு, வெறும் வயிற்றோடு ஓடினால் மைக்ரேன் மூளைக்கு அதுவே போதும். விடுமுறையிலும் எழும் நேரம் ஒரு மணி நேரத்துக்கு மேல் நகராமல் பார்த்துக்கொண்டு, மூன்று நான்கு வாரம் கழித்துக் குறிப்பேட்டைப் பாருங்கள். அதன் பிறகு பயத்தைப் பற்றிப் பேசலாம். 6 முதல் 12 வயதுக்கு 9 முதல் 12 மணி நேரமும், 13 முதல் 18 வயதுக்கு 8 முதல் 10 மணி நேரமும் தூக்கம் வேண்டும்.

மனநல மருந்துகளே தலைவலிக்குக் காரணமாகலாம். ஏ.டி.எச்.டி.க்குத் தரும் மெத்தில்ஃபெனிடேட் பசியை அடக்கும். மதியச் சாப்பாட்டு டப்பா அப்படியே திரும்பி வரும். தண்ணீர் பாட்டிலும் காலியாகாது. மாலை மூன்று நான்கு மணிக்குத் தலைவலி. மருந்தின் வேகம் இறங்கும் நேரமும் அதுவே என்பதால் எது காரணம் என்று குழம்பும். மருந்து கொடுக்காத நாட்கள் இருந்தால் குறிப்பேட்டில் அவற்றைத் தனியாகக் குறியுங்கள். மாத்திரைக்கு முன்பே வயிறு நிறையக் காலை உணவு, இடைவேளையில் ஆசிரியர் நினைவூட்டித் தண்ணீர், மாலையில் பசி திரும்பும்போது ஒரு முழுச் சாப்பாடு என்று மாற்றிப் பார்க்கலாம். அதற்கும் அடங்காவிட்டால் மருந்தின் அளவையோ, மெதுவாக வெளியாகும் வகையையோ மாற்றுவது மருத்துவர் வேலை. ஏ.டி.எச்.டி.க்கான இன்னொரு மருந்தான அடோமாக்ஸெட்டினும் தலைவலி தரும். மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் தரும் ஃப்ளூவாக்ஸெட்டின், செர்ட்ராலின் போன்றவை தொடங்கிய முதல் சில வாரங்களில் தலைவலி கூடுவது உண்டு. பெரும்பாலும் தானாக அடங்கும். எதையும் வீட்டில் முடிவெடுத்துத் திடீரென நிறுத்தக் கூடாது. அந்த நிறுத்தலே தலைவலியையும் மனநிலைச் சரிவையும் கொண்டுவரும்.

வலி வந்த நேரத்து மருந்தில் அடிக்கடி நடக்கும் தவறுகள் இரண்டு: அளவு குறைவு, நேரம் தாமதம். ஐபுப்ரோஃபென் ஒரு வேளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 10 மில்லிகிராம் வரை. பாராசிட்டமால் கிலோவுக்கு 15 மில்லிகிராம் வரை. 30 கிலோ பிள்ளைக்கு ஐபுப்ரோஃபென் 300 மில்லிகிராம். 5 மில்லியில் 100 மில்லிகிராம் உள்ள சிரப் என்றால் 15 மில்லி. அதே பிள்ளைக்குப் பாராசிட்டமால் 450 மில்லிகிராம்; 5 மில்லியில் 250 மில்லிகிராம் உள்ள சிரப்பில் 9 மில்லி. சிரப்பின் செறிவு பாட்டிலுக்குப் பாட்டில் மாறும் என்பதால் "ரெண்டு ஸ்பூன்" என்ற கணக்கு உதவாது. இரண்டு வருடம் முன்பு, பிள்ளை 20 கிலோவாக இருந்தபோது எழுதித் தந்த அளவையே இன்றும் கொடுத்துவிட்டு "இந்த மருந்து கேட்கறதில்லை" என்று கைவிடும் வீடுகள் நிறைய. எடை பார்த்து, சரியான அளவை மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பாராசிட்டமால் 24 மணி நேரத்தில் நான்கு வேளைக்கு மேல் கூடாது. சளி மருந்துகளிலும் அது கலந்திருக்கும். லேபிளைப் படிக்க வேண்டும். ஆஸ்பிரின் 16 வயதுக்குள் வீட்டு மருந்தாக வேண்டவே வேண்டாம். மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரேய் நோய்க்குறி என்ற ஆபத்து உண்டு.

நேரம் ஏன் முக்கியம் என்றால், மைக்ரேன் முற்றும்போது இரைப்பையின் இயக்கம் மந்தமாகிவிடும். விழுங்கிய மருந்து குடலைச் சேராமல் வயிற்றிலேயே கிடக்கும். பிறகு வாந்தியில் வெளியே வரும். வலி தொடங்கி 30 நிமிடத்துக்குள் கொடுத்தால் பயன் அதிகம். பள்ளியில் இது சிக்கல். மருந்து அலுவலகப் பூட்டில், சாவி வேறொருவரிடம், வீட்டுக்குப் போன் செய்து அனுமதி வாங்க முக்கால் மணி நேரம். மருத்துவரின் எழுத்து, மருந்தின் அளவு, யார் கொடுக்கலாம், கொடுத்த பின் அமைதியான அறையில் 30 முதல் 60 நிமிடம் ஓய்வு, பிறகு மீண்டும் வகுப்பு என்று ஒரே தாளில் எழுதிப் பள்ளியிடம் முன்கூட்டியே ஒப்புதல் வாங்கிவைக்க வேண்டும். வகுப்புக்குத் திரும்புவது அந்தத் தாளில் கட்டாயம் இருக்க வேண்டும். ஒவ்வொரு தலைவலியும் வீட்டுக்குப் போவதில் முடிந்தால், பதற்றம் உள்ள பிள்ளைக்குப் பள்ளிப் பயம் மாதத்துக்கு மாதம் வளரும்.

இனி மருந்துகளின் மோதல். இருமுனைக் கோளாறு (மனநிலை அளவுமீறிய உற்சாகத்துக்கும் சோர்வுக்கும் மாறி மாறிப் போவது) போன்றவற்றுக்கு லித்தியம் சாப்பிடும் பிள்ளைக்கு ஐபுப்ரோஃபென், நாப்ராக்ஸென் போன்றவற்றைக் கொடுக்கக் கூடாது. ரத்தத்தில் லித்தியம் அளவு ஏறிவிடும். வாந்தியால் உடலில் நீர் வற்றினாலும் அதேதான் நடக்கும். கை நடுக்கம், தள்ளாட்டம், குழறல், வயிற்றுப்போக்கு தெரிந்தால் அடுத்த வேளை லித்தியம் தரும் முன் மருத்துவரைக் கூப்பிட வேண்டும். இப்படிப்பட்ட பிள்ளைக்குப் பாராசிட்டமாலே முதல் தேர்வு. ஃப்ளூவாக்ஸெட்டின் வகை மருந்தோடு ஐபுப்ரோஃபென் அடிக்கடி சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு வாய்ப்பு சற்றுக் கூடும்; எப்போதாவது ஒரு வேளை கொடுப்பதை அதற்காக நிறுத்த வேண்டியதில்லை, கருப்பாக மலம் போனால் தாமதிக்கக் கூடாது.

மைக்ரேன் வலி வந்த நேரத்தில் தரும் டிரிப்டான் வகை மருந்துகளில் ரைசாட்ரிப்டானுக்கு 6 வயது முதலே அமெரிக்காவில் 2011இல் ஒப்புதல் கிடைத்தது. மற்றவை 12 வயதுக்கு மேல். இவற்றை மனச்சோர்வு மருந்தோடு சேர்த்தால் செரடோனின் நோய்க்குறி (செரடோனின் என்ற நரம்பு ரசாயனத்தின் வேகம் அளவுமீறுவது) வரலாம் என்று 2006இல் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. அதைப் படித்துவிட்டு மருந்துக் கடையில் தர மறுப்பதும், பெற்றோர் பயந்து மருந்தை ஒளித்துவைப்பதும் உண்டு. இத்தனை வருடப் பயன்பாட்டில் அது மிக மிக அரிதாகவே தெரிந்திருக்கிறது; இரண்டையும் சேர்த்துத் தருவது இன்று வழக்கம். அடையாளங்கள் மட்டும் தெரிந்திருந்தால் போதும்: மருந்து சாப்பிட்ட சில மணி நேரத்தில் கடும் படபடப்பு, வியர்வை, காய்ச்சல், நடுக்கம், கால் துள்ளுதல். உண்மையில் கவனிக்க வேண்டிய ஜோடி வேறு. மைக்ரேன் தடுப்புக்காகப் பிராப்ரனலால் எடுக்கும் பிள்ளையின் உடலில் ரைசாட்ரிப்டான் அளவு கூடும். 40 கிலோவுக்குக் கீழ் இரண்டையும் சேர்க்கக் கூடாது, அதற்கு மேல் ரைசாட்ரிப்டான் 10க்குப் பதில் 5 மில்லிகிராம்.

வாந்தி மருந்துகளிலும் ஒரு பொறி இருக்கிறது. ஆவேசத்தை அடக்கத் தரும் ரிஸ்பெரிடோன், அரிபிப்ரசோல் எடுக்கும் பிள்ளைக்கு அவசரப் பிரிவில் மெட்டோகுளோப்ரமைடோ புரோகுளோர்பெரசினோ போட்டால், டோபமைன் என்ற மூளை ரசாயனத்தை அடக்கும் மருந்துகள் இரண்டாகிவிடும். கழுத்து ஒரு பக்கம் திருகிக்கொள்வது, கண் மேலே செருகிக்கொள்வது, உட்காரவே முடியாமல் அலைவது எல்லாம் வரலாம். அந்த அலைச்சலைப் "பேனிக் அட்டாக்" என்று எழுதிவிட்டால் சிகிச்சை வேறு திசையில் போய்விடும். எஸ்சிட்டலோப்ராமோ சிட்டலோப்ராமோ என்ற மனச்சோர்வு மருந்து எடுப்பவருக்கு, வாந்திக்கு ஒண்டான்செட்ரான் தரும்போது இதயத் துடிப்பின் லயம் பற்றி மருத்துவர் ஒரு நொடி யோசிக்க வேண்டியிருக்கும். யோசிப்பதற்கு அவருக்கு மருந்துப் பட்டியல் வேண்டும். எல்லா மருந்தின் பெயர், அளவு, நேரம், யார் எழுதியது, எப்போது தொடங்கியது, பிள்ளையின் இன்றைய எடை, ஒவ்வாமை ஆகியவற்றை ஒரு பக்கத்தில் எழுதி, போனில் படமாகவும் வைத்து, எந்த மருத்துவரைப் பார்த்தாலும் முதலில் அதை நீட்டுங்கள். வைட்டமின் மாத்திரையும் கசாயமும் அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும்.

வலி மாத்திரை அதிகமானாலும் தலைவலி வரும். சாதாரண வலி மாத்திரை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, டிரிப்டான் 10 நாளோ அதற்கு மேலோ என மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்தால் மருந்தே தலைவலியை வளர்க்கும். வாரத்தில் இரண்டு நாள், மிஞ்சினால் மூன்று நாள் என்று எல்லை வைத்துக்கொள்வது நல்லது. பதற்றம் உள்ள பிள்ளைகள் தேர்வுக்கு முன், பயணத்துக்கு முன் "வந்துடுமோ" என்று மாத்திரை கேட்பார்கள். வலி வராமலே கொடுத்த அந்த மாத்திரைகளும் கணக்கில் சேரும்.

மாதத்தில் நான்கு நாளுக்கு மேல் வந்தாலோ, குறைவாக வந்தாலும் படிப்பையும் விளையாட்டையும் முடக்கினாலோ தினசரித் தடுப்பு மருந்து பற்றிப் பேச்சு வரும். 2017இல் வெளியான 'சாம்ப்' ஆய்வை இங்கே சொல்ல வேண்டும். 8 முதல் 17 வயது வரையிலான 361 பேருக்கு அமிட்ரிப்டிலின், டோபிராமேட், மருந்தே இல்லாத வெறும் மாத்திரை என்று பிரித்துக் கொடுத்தார்கள். தலைவலி நாட்கள் பாதியாகவோ அதற்கு மேலோ குறைந்தவர்கள் முறையே 52, 55, 61 சதவீதம். மருந்து வெறும் மாத்திரையைத் தாண்டவில்லை, பக்கவிளைவுகள்தான் கூடுதல். வெறும் மாத்திரையில் குறைந்ததால் வலி கற்பனை என்று அர்த்தமில்லை. ஒழுங்கான கவனிப்பும், குறிப்பேடும், குணமாகும் என்ற எதிர்பார்ப்பும் குழந்தையின் மூளையில் நிஜமாகவே வேலை செய்கின்றன. தடுப்பு மருந்து எடுத்தே ஆக வேண்டும் என்றால், மனநல நிலையைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதே புத்தி.

டோபிராமேட் சொல் தேடித் தடுமாற வைக்கும், மனநிலையைக் குலைக்கும், பசியைக் குறைக்கும். ஏற்கெனவே மெத்தில்ஃபெனிடேட் எடுப்பவருக்கு எடை இரண்டு பக்கமும் அடிவாங்கும். உணவுக் கோளாறு இருப்பவருக்கு இது வேண்டவே வேண்டாம். ஃப்ளூனரிசின் எடையைக் கூட்டும், மனச்சோர்வைக் கிளப்பும், மனச்சோர்வு வரலாறு இருந்தால் ஒதுக்க வேண்டும். ரிஸ்பெரிடோனால் ஏற்கெனவே எடை ஏறும் பிள்ளைக்கு ஃப்ளூனரிசினோ சைப்ரோஹெப்டடினோ சேர்ப்பது எரிகிற நெருப்பில் எண்ணெய். சைப்ரோஹெப்டடின் செரடோனினை எதிர்ப்பதால் மனச்சோர்வு மருந்தின் பலனையும் குறைக்கலாம். பிராப்ரனலால் ஆஸ்துமா உள்ளவருக்கு ஆகாது. திடீரென நிறுத்தவும் கூடாது. அமிட்ரிப்டிலின் தூக்கம் வராத பிள்ளைக்கு இரவில் உதவும். ஆனால் ஃப்ளூவாக்ஸெட்டின் கல்லீரலில் அதன் சிதைவைத் தடுப்பதால் ரத்தத்தில் அளவு பல மடங்கு ஏறலாம்; ஃப்ளூவாக்ஸெட்டினை நிறுத்திய பிறகும் இந்த விளைவு பல வாரம் நீடிக்கும். தொடங்குமுன் ஈ.சி.ஜி. எடுக்கச் சொல்லுங்கள். இருமுனைக் கோளாறு உள்ளவருக்கு அமிட்ரிப்டிலின் மனநிலையைச் சோர்விலிருந்து அளவுமீறிய உற்சாகத்துக்குத் தள்ளிவிடவும் கூடும். வால்புரோயேட் மனநிலைக்கும் மைக்ரேனுக்கும் ஒரே கல்லில் இரண்டு மாங்காயாகத் தோன்றும். ஆனால் பருவமடைந்த பெண் பிள்ளைகளுக்குக் கருவைப் பாதிக்கும் ஆபத்து மிகப் பெரிது. எந்த மருந்தானாலும் போதிய அளவில் 8 முதல் 12 வாரம் கொடுத்த பிறகே பலன் உண்டா என்று தீர்ப்பு சொல்ல முடியும்.

மருந்தை விட உறுதியான சான்று இருப்பது, எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைக்கு. 2013இல் வெளியான ஆய்வில், நாள்பட்ட மைக்ரேன் உள்ள 10 முதல் 17 வயதினர் 135 பேருக்கு அமிட்ரிப்டிலினோடு இந்தச் சிகிச்சையையோ தலைவலி பற்றிய விளக்க வகுப்பையோ தந்தார்கள். தலைவலி நாட்கள் பாதியாகவோ அதற்கு மேலோ குறைந்தவர்கள் முதல் குழுவில் 66 சதவீதம், மற்றதில் 36. பதற்றத்துக்காக ஏற்கெனவே உளவியலாளரிடம் போகும் பிள்ளைக்கு இது கூடுதல் சந்திப்புகூட இல்லை. தலைவலியையும் சேர்த்து எடுத்துக்கொள்ளச் சொன்னால் போதும். வயிற்றால் மூச்சு விடுவது, தசைகளை ஒவ்வொன்றாக இறுக்கித் தளர்த்துவது ஆகியவற்றை வலியில்லாத நாளில் தினம் 10, 15 நிமிடம் பழக வேண்டும். வலி உச்சத்தில் இருக்கும்போது முதன்முறையாகச் சொல்லிக்கொடுத்தால் பலிக்காது, பிள்ளைக்கும் அதன் மேல் வெறுப்பு வந்துவிடும். ஆட்டிசம் உள்ளவருக்குக் குளிர் ஒத்தடம், கருப்புக் கண்ணாடி, காதடைப்பான், மருந்தின் சுவை என எல்லாவற்றையும் நல்ல நாளில் ஒத்திகை பார்த்துவிட வேண்டும்.

வாழ்நாளில் காணாத கடும் வலி ஒரு நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போவது, தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, காலையில் எழுந்ததும் வாந்தி, இருமினாலோ படுத்தாலோ கூடும் வலி, இரட்டைப் பார்வை, தள்ளாட்டம், கை கால் பலவீனம், காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, வலிப்பு, தலையில் அடிபட்ட பின் வலி, வழக்கமான வடிவம் திடீரென மாறுவது ஆகியவற்றில் எது வந்தாலும் குறிப்பேடு எழுதிக்கொண்டு வீட்டில் காத்திருக்கக் கூடாது. நெடுநாள் மனநோயாளி என்ற முத்திரை இருந்தாலும் இதில் சலுகை இல்லை.

கடைசியாக, தலைவலி நாட்கள் கூடும்போது, "வாழவே பிடிக்கல, செத்துப்போகணும்னு தோணுதா" என்று வளரிளம் பிள்ளையிடம் நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. மனச்சோர்வு மருந்துகளுக்கும் அமிட்ரிப்டிலினுக்கும், தொடங்கும்போதும் அளவு மாற்றும்போதும் 24 வயது வரை தற்கொலை எண்ணம் கூடலாம் என்ற எச்சரிக்கை உண்டு. டோபிராமேட் போன்ற வலிப்பு மருந்துகளுக்கும் தனி எச்சரிக்கை உண்டு. அந்த வாரங்களில் கண் வைத்திருக்க வேண்டும். அமிட்ரிப்டிலினும் பிராப்ரனலாலும் மொத்தமாக விழுங்கினால் உயிர்கொல்லி. பாராசிட்டமால் முதல் நாள் ஒன்றும் தெரியாமல் இருந்து பிறகு கல்லீரலை அழிக்கும். "எட்டு மாத்திரைதான் போட்டேன், நல்லாத்தான் இருக்கேன்" என்று சொன்னாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஒரு நேரத்தில் இரண்டு வாரத்துக்கான மாத்திரை மட்டும் வாங்குங்கள். பெட்டியைப் பூட்டி, சாவியைப் பெரியவர் ஒருவர் வைத்துக்கொண்டு, வேளைக்கு ஒன்றாக எடுத்துக் கொடுங்கள். பாட்டி தாத்தாவின் மாத்திரைகளும் அதே பெட்டிக்குள் போகட்டும்.

இப்படிக்கு,
குழந்தைகள் நரம்பியல், மனநலத் துறைகளில் பணிபுரிவோர் சிலர்